ஸ்கேனர் படிப்பதை எந்திரம் எப்படிக் கேட்கிறது

விசையை அழுத்தினால் 'பீப்' என்று ஒலிக்கும் பார்கோடு ஸ்கேனரை மளிகைக் கடையிலும் மருந்துக் கடையிலும் எல்லோரும் பார்த்திருப்பார்கள். அதே கருவிக்குக் கார் தொழிற்சாலையின் அசெம்பிளி லைனில் வேறு வேலை. உதிரிபாகத்தின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளைத் தொழிலாளி ஸ்கேன் செய்கிறார். இந்த வண்டிக்கு உரிய பாகம்தான் என்றால் நட் முடுக்கும் கருவி இயங்கத் தயாராகிறது, பச்சை விளக்கு எரிகிறது. பாகம் மாறியிருந்தால் சிவப்பு விளக்கு எரியும், கருவி அசையாது. முடிவை எடுப்பது பக்கத்துப் பேனலுக்குள் இருக்கும் பிஎல்சி. எந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினிக்குத் தொழிற்சாலைகளில் வழங்கும் பெயர் அது. ஸ்கேனர் படித்த எழுத்துகளை பிஎல்சிக்குள் கொண்டுசேர்ப்பதும், சேர்ந்ததை நம்பலாமா என்று அதற்குத் தீர்மானிக்கக் கற்றுக்கொடுப்பதும் தனி வேலை. பிளக்கைச் செருகினால் முடிந்துவிடும் என்று தோன்றும் இந்த வேலையில்தான் பல லைன்கள் நாள்கணக்கில் தடுமாறுகின்றன.

சென்னையின் தென்மேற்குப் புறநகருக்கு இது நெருக்கமான விஷயம். தாம்பரத்திலிருந்து மேற்கே போகும் முடிச்சூர் சாலை மண்ணிவாக்கம் பக்கம் வண்டலூர்–வாலாஜாபாத் சாலையைத் தொடுகிறது. அங்கிருந்து படப்பையைத் தாண்டினால் ஒரகடம். அதற்கு வடக்கே ஸ்ரீபெரும்புதூரும் இருங்காட்டுக்கோட்டையும், தெற்கே சிங்கப்பெருமாள் கோவிலும் மறைமலை நகரும் இருக்கின்றன. தாம்பரம் சானடோரியத்தில் மெப்ஸ் ஏற்றுமதி மண்டலம் 1984-இல் வந்தது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை 2010-இல் திறக்கப்பட்டது, ராயல் என்ஃபீல்டு 2013-இல் வந்தது. இந்தப் பெரிய ஆலைகளைச் சுற்றி, அவற்றுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் சிறிய, நடுத்தர நிறுவனங்கள் நிறைய. பெரிய ஆலையில் கட்டுப்பாட்டுப் பொறியாளர்கள் தனியாக இருப்பார்கள். சிறு நிறுவனத்தில் இந்த இணைப்பு வேலை பெரும்பாலும் மெயின்டனன்ஸ் பார்க்கும் ஐடிஐ அல்லது டிப்ளமா படித்தவரின் தலையில்தான் விழும். வாடிக்கையாளர் 'ஒவ்வொரு பாகத்துக்கும் ஸ்கேன் பதிவு வேண்டும்' என்று கேட்டுவிட்டால் அவருக்குத் தப்ப வழியில்லை.

ஸ்கேன் செய்யப்படும் எண் எப்படி இருக்கும் என்பதை வீட்டில் இருக்கும் ஆர்சி புத்தகத்திலேயே பார்க்கலாம். அதில் உள்ள சேசிஸ் எண் எழுத்துகளும் இலக்கங்களுமாக 17 இடங்கள் கொண்டது. ஐஎஸ்ஓ 3779 என்ற உலகத் தரம் வகுத்த அமைப்பு அது. முதல் மூன்று இடங்கள் தயாரிப்பாளரைக் குறிக்கும்: ஹூண்டாய் இந்தியாவுக்கு எம்ஏஎல், ராயல் என்ஃபீல்டுக்கு எம்இ3, ரெனோ இந்தியாவுக்கு எம்இஇ. ஆங்கிலத்தின் ஐ, ஓ, க்யூ ஆகிய மூன்று எழுத்துகளும் இதில் வரவே வராது. ஒன்று, பூஜ்யம் ஆகிய இலக்கங்களோடு அவை குழம்பிவிடும் என்பதால் விலக்கிவிட்டார்கள். லைனில் ஒவ்வொரு நிலையத்திலும் வண்டியை அடையாளம் காட்டுவது இதுபோன்ற எண்தான். எந்த மாடல், எந்த எஞ்சின், எந்த நிற இருக்கை என்பதெல்லாம் இந்த எண்ணை வைத்தே தேடி எடுக்கப்படுகின்றன.

ஸ்கேனரும் பிஎல்சியும் ஒன்றையொன்று எளிதில் புரிந்துகொள்ளாததற்குக் காரணம் அவை வளர்ந்த இடங்கள். அமெரிக்காவில் நார்மன் ஜோசப் உட்லண்டும் பெர்னார்ட் சில்வரும் பார்கோடுக்கான காப்புரிமைக்கு 1949-இல் விண்ணப்பித்து 1952-இல் பெற்றார்கள். கடைகளில் அது பயனுக்கு வர மேலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1974 ஜூன் 26 அன்று ஒஹையோ மாநிலத்தின் டிராய் நகர சூப்பர் மார்க்கெட் ஒன்றில், யுபிசி என்ற பொதுக்குறியீடு அச்சிட்ட சூயிங்கம் பாக்கெட் முதன்முதலாக ஸ்கேன் செய்யப்பட்டது. பில் போடும் எந்திரத்தோடும் அலுவலகக் கணினியோடும் பேசவே ஸ்கேனர் பழகியது. பிஎல்சி பிறந்தது கார் ஆலைக்காக. ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ராமேட்டிக் பிரிவு, நூற்றுக்கணக்கான ரிலே சுவிட்சுகளை ஒயர் மாற்றி மாற்றிக் கட்டும் தொல்லைக்கு மாற்று வேண்டும் என்று 1968-இல் கேட்டது. டிக் மார்லியும் அவர் கூட்டாளிகளும் மோடிகான் 084 என்ற கருவியைக் கொடுத்தார்கள். சுவிட்ச் மூடியதா திறந்ததா, மோட்டார் ஓட வேண்டுமா நிற்க வேண்டுமா என்ற ஆம்–இல்லைக் கேள்விகளுக்காகவே அது படைக்கப்பட்டது. ஒன்றின் பிழைப்பு எழுத்துகள், மற்றொன்றின் பிழைப்பு சுவிட்சுகள். ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தப் பிறவிக்குணம் இரண்டிலும் இருக்கிறது.

ஸ்கேனருக்குள் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லலாம். லேசர் வகையில் ஒரு சிவப்புக் கோடு பட்டைகளின் குறுக்கே ஓடும். கறுப்பு ஒளியை விழுங்கும், வெள்ளை திருப்பி அனுப்பும். அந்த ஏற்ற இறக்கத்தைக் கருவி அளந்து எழுத்துகளாக மாற்றும். இன்று பரவலாகி வரும் கேமரா வகை முழுப் படத்தையே எடுத்து அதிலிருந்து குறியீட்டைத் தேடிப் படிக்கும். க்யூஆர், டேட்டா மேட்ரிக்ஸ் போன்ற சதுரக் குறியீடுகளைப் படிக்க இந்த வகைதான் வேண்டும். எந்த வகையானாலும் வெளியே வருவது ஒன்றே: எழுத்துகளின் வரிசை. ஒவ்வோர் எழுத்தும் ஆஸ்கி அட்டவணைப்படி ஓர் எண். பூஜ்யம் என்ற இலக்கம் 48 ஆகவும், ஏ என்ற பெரிய எழுத்து 65 ஆகவும் போகும். கடைசியில் 'முடிந்தது' என்று காட்ட 13 என்ற எண்ணுடைய முடிவுக்குறியை வழக்கமாகச் சேர்ப்பார்கள். கணினியில் என்டர் விசையை அழுத்தினால் உண்டாகும் குறி அதுதான்.

பிஎல்சி வேலை செய்யும் விதம் வேறு. அது ஒரு சுற்றில் எல்லா இன்புட்டுகளையும் பார்க்கும், நிரலை முதல் வரியிலிருந்து கடைசி வரை ஓட்டும், அவுட்புட்டுகளை மாற்றும். மறுபடி முதலிலிருந்து. ஒரு சுற்றுக்குச் சில மில்லிசெகண்டுகள்தான். இந்த ஓட்டம் எதற்காகவும் நிற்காது. கணினியில் உள்ள நிரலைப் போல, யாராவது டைப் செய்யட்டும் என்று அது காத்துக்கொண்டிருக்க முடியாது.

முதல் தடுமாற்றம் இங்கேயே வருகிறது. கடையில் வாங்கும் ஸ்கேனர்களில் பெரும்பாலானவை யுஎஸ்பி ஒயரோடு வருகின்றன. கணினியில் செருகினால் அவை தம்மைக் கீபோர்டு என்று அறிமுகம் செய்துகொள்ளும். ஸ்கேன் செய்த எண் யாரோ டைப் அடித்ததுபோல் திரையில் விழும். பிஎல்சியிலும் யுஎஸ்பி துளை இருப்பதைப் பார்த்து அதில் ஸ்கேனரைச் செருகிப் பார்ப்பவர்கள் உண்டு. எதுவும் நடக்காது. யுஎஸ்பி முறையில் ஒரு முனை எஜமானனாக இருந்து மறுமுனையைக் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பிஎல்சியில் உள்ள துளை பெரும்பாலும் நிரல் ஏற்ற வரும் மடிக்கணினிக்குப் பணிவதற்காக வைத்தது. பணிபவை இரண்டைச் சேர்த்து வைத்தால் பேச்சு தொடங்காது. எனவே ஸ்கேனர் வாங்கும்போதே எந்த வகை இணைப்பு என்று கேட்டு வாங்குவதுதான் முறை. பல மாடல்களில் ஒயரை மட்டும் மாற்றினால் இணைப்பு வகையும் மாறும் என்பதால், ஏற்கெனவே வாங்கியவர்களுக்கும் வழி அடைபட்டுவிடவில்லை.

பிஎல்சிக்குப் பழக்கமான பாதை ஆர்எஸ்-232 என்ற சீரியல் இணைப்பு. 1960-இல் வகுக்கப்பட்ட இந்தத் தரம் இன்றைய வீட்டுக் கணினிகளிலிருந்து மறைந்துவிட்டாலும் தொழிற்சாலைப் பேனல்களில் நன்றாகவே வாழ்கிறது. அதற்குத் தேவை மூன்று கம்பிகள்: அனுப்ப ஒன்று, பெற ஒன்று, பொதுவாக ஒன்று. ஒன்பது முனை கனெக்டரில், கணினி வகைக் கருவியாக இருந்தால், இரண்டாம் முனையில் பெறுதல், மூன்றாம் முனையில் அனுப்புதல், ஐந்தாம் முனையில் பொதுக்கம்பி. ஸ்கேனர் அனுப்பும் முனை பிஎல்சி பெறும் முனைக்குப் போக வேண்டும். இரண்டு பக்கமும் அனுப்பும் முனைகளையே சேர்த்துவிட்டால், மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு எல்லாம் சரியாகக் கட்டியதுபோலவே தெரியும், ஓர் எழுத்துகூட வராது. 'ஸ்கேனர் கெட்டுப்போச்சு' என்று கழற்றி வைக்கப்பட்டவற்றில் இப்படிக் கம்பி மாறிப்போனவையும் இருக்கும்.

மின்சாரத்திலும் கவனம் வேண்டும். பேனலுக்குள் எங்கும் இருப்பது 24 வோல்ட். கைஸ்கேனர்களில் பல 5 வோல்ட்டில் ஓடுபவை. கணினியின் யுஎஸ்பி துளையிலிருந்து மின்சாரம் தானாகக் கிடைத்துப் பழகியவர்கள், சீரியல் ஒயருக்குத் தனி அடாப்டர் தேவைப்படும் என்பதை மறந்துவிடுகிறார்கள். அவசரத்தில் 24 வோல்ட் டெர்மினலிலிருந்து எடுத்துக் கொடுத்தால் 5 வோல்ட் ஸ்கேனர் அந்த நொடியிலேயே போய்விடும்.

ஒயரின் நீளமும் அது போகும் வழியும் அடுத்த சிக்கல். ஆர்எஸ்-232 இணைப்புக்கு வழக்கமாகச் சொல்லப்படும் எல்லை ஏறத்தாழ 15 மீட்டர். வெல்டிங் எந்திரமும் மோட்டார் டிரைவும் மின் இரைச்சல் கிளப்பும் இடத்தில் அந்தத் தூரம்கூடக் கிடைக்காமல் போகலாம். மோட்டாரின் பவர் கேபிளோடு ஒரே டிரேயில் ஸ்கேனர் ஒயரைப் படுக்கவைத்தால், காலையில் ஒழுங்காக வேலை செய்தது வெல்டிங் தொடங்கியதும் எழுத்துகளை உளற ஆரம்பிக்கும். உலோக வலை போர்த்திய ஷீல்டு கேபிள், அதற்குச் சரியான எர்த், பவர் கேபிளிலிருந்து விலகிய வழி என்ற மூன்றும் இருந்தால் பெரும்பாலும் தொல்லை அடங்கிவிடும். தூரம் கூடினால் 1983-இல் வந்த ஆர்எஸ்-485 முறைக்கு மாற்றித் தரும் கன்வெர்ட்டரை இரண்டு முனையிலும் வைக்கலாம். அந்த முறை ஆயிரம் மீட்டருக்கு மேலும் தாங்கும்.

கம்பி சரியானால் அடுத்தது இரண்டு கருவிகளின் பேச்சு வேகமும் இலக்கணமும். ஒரு நொடிக்கு எத்தனை பிட், ஓர் எழுத்துக்கு எத்தனை பிட், பிழை காட்டும் பேரிட்டி பிட் உண்டா இல்லையா, நிறுத்தப் பிட் எத்தனை என்ற நான்கும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். அதிகம் புழங்கும் அமைப்பு 9600 வேகம், 8 பிட், பேரிட்டி இல்லை, ஒரு நிறுத்தப் பிட். தொடக்கப் பிட்டையும் சேர்த்தால் ஓர் எழுத்துக்குப் பத்து பிட் செலவாகும். அப்படியானால் 17 இட சேசிஸ் எண்ணும் முடிவுக்குறியும் சேர்ந்து 180 பிட். அவை வந்துசேர 19 மில்லிசெகண்ட் ஆகும். மனிதருக்கு இது கண்ணிமைக்கும் நேரத்திலும் குறைவு. ஐந்து மில்லிசெகண்டுக்கு ஒரு சுற்று ஓடும் பிஎல்சிக்கோ இது நான்கு சுற்றுகள். முதல் எழுத்து வந்ததுமே 'வந்துவிட்டது' என்று நினைத்து ஒப்பிடும் நிரல் பாதி எண்ணை வைத்து முடிவெடுக்கும். முடிவுக்குறி வரும்வரை காத்திரு என்று சொல்லிக்கொடுப்பது இதனால்தான்.

ஸ்கேனரை இந்த அமைப்புக்குக் கொண்டுவரும் முறை புதியவர்களுக்கு வியப்பாக இருக்கும். அதன் கையேட்டில் பார்கோடுகள் பக்கம் பக்கமாக அச்சாகியிருக்கும். '9600 வேகம்' என்ற பார்கோடை ஸ்கேன் செய்தால் ஸ்கேனர் அந்த வேகத்துக்கு மாறும். 'முடிவுக்குறி சேர்' என்ற பார்கோடை ஸ்கேன் செய்தால் அதைச் சேர்க்கத் தொடங்கும். பட்டனோ திரையோ இல்லாத கருவிக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

பிஎல்சி பக்கத்தில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு வழக்கம். சீமென்ஸின் எஸ்7-1200 வகையில் சிஎம் 1241 என்ற சீரியல் மாட்யூலை இடப்பக்கம் சேர்த்து, அதற்கென உள்ள பெறும் கட்டளையை நிரலில் வைப்பார்கள். மிட்சுபிஷியின் எஃப்எக்ஸ் வகையில் ஒரு சிறு கம்யூனிகேஷன் போர்டைப் பொருத்தி ஆர்எஸ் என்ற கட்டளையைப் பயன்படுத்துவார்கள். ஆலன்-பிராட்லியின் மைக்ரோலாஜிக்ஸ் 1400-இல் சேனலை ஆஸ்கி முறைக்கு மாற்றிவிட்டு வரி வரியாகப் படிக்கலாம். வந்த எழுத்துகள் பிஎல்சியின் நினைவிடங்களான ரெஜிஸ்டர்களில் போய் உட்காரும். ஒரு ரெஜிஸ்டரில் 16 பிட், ஓர் எழுத்துக்கு 8 பிட் என்பதால் இரண்டிரண்டு எழுத்துகளாக அடைத்து வைப்பது உண்டு. மேல்பாதியில் முதல் எழுத்தா, கீழ்ப்பாதியில் முதல் எழுத்தா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். ஒப்பிட வைத்திருக்கும் எண் ஒரு வரிசையிலும் ஸ்கேனரிலிருந்து வந்தது மறு வரிசையிலும் இருந்தால் எம்ஏஎல் என்பது ஏஎம் என்று தொடங்கி நிற்கும். சரியான பாகத்தைக்கூட எந்திரம் ஒவ்வொரு முறையும் நிராகரிக்கும். இதற்குத் தீர்வு மேல்கீழ் பாதிகளை மாற்றும் ஒரே ஒரு கட்டளை. அதைக் கண்டுபிடிக்கும்வரைதான் அவதி.

இதுவரை சொன்னவற்றில் எது தவறாக இருந்தாலும் உடனே தெரிந்துவிடும். லைன் ஓடாது, யாராவது வந்து பார்ப்பார்கள். உண்மையான ஆபத்து, எல்லாம் சரியாக ஓடுவதுபோல் தெரியும்போது நுழைகிறது. ரெஜிஸ்டர் ஒரு தபால் பெட்டி மாதிரி. புதுக் கடிதம் வராவிட்டாலும் பழையது உள்ளேயே கிடக்கும். முதல் பாகத்தை ஸ்கேன் செய்தாயிற்று, எண் சரி, கருவி இயங்கியது, வேலை முடிந்தது. இரண்டாவது பாகம் வந்து உட்காருகிறது. தொழிலாளி அதை ஸ்கேன் செய்ய மறந்துவிட்டார். ரெஜிஸ்டரில் முந்திய பாகத்தின் எண் அப்படியே இருக்கிறது. நிரல் அதை ஒப்பிட்டுப் பார்க்கிறது, பொருந்துகிறது, பச்சை விளக்கு எரிகிறது. ஸ்கேன் செய்யாத பாகம் ஸ்கேன் செய்யப்பட்டது என்ற பதிவோடு போய்விடுகிறது. ஸ்கேனரே இல்லாமல் இருந்திருந்தால் யாராவது கண்ணால் பார்த்திருப்பார்கள். ஸ்கேனர் இருக்கிறது என்ற நம்பிக்கையில் யாரும் பார்க்கவில்லை. இணைப்பைச் செய்தவர் பொறுப்பேற்க வேண்டிய பிழைகளில் இதுவே பெரியது.

தடுக்க வழி உண்டு. பாகத்தைப் பிடித்து நிறுத்தும் ஃபிக்ஸ்சரில் அது வந்து உட்கார்ந்ததை ஒரு சென்சார் சொல்ல வேண்டும். அந்த நொடியில் ரெஜிஸ்டர்களைப் பூஜ்யமாக்கிவிட வேண்டும். அதற்குப் பிறகு வரும் ஸ்கேன் மட்டுமே இந்தப் பாகத்துக்கு உரியது. ஒப்பிட்டு முடிந்ததும் மறுபடி துடைக்க வேண்டும். மிட்சுபிஷியின் எஃப்எக்ஸ் வகையில் ஒரு செய்தி முழுதாக வந்ததும் எம்8123 என்ற பிட் எழும். நிரல் எழுதுபவர் தரவை எடுத்துக்கொண்டு அந்தப் பிட்டைத் தாமே இறக்கிவிட்டால்தான் கருவி அடுத்த செய்திக்குக் காத்திருக்கும் நிலைக்குப் போகும். இதைத் தொல்லை என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். உண்மையில் அது ஒரு நல்ல ஒழுங்கு: வந்ததை எடுத்துக்கொண்டேன் என்று வெளிப்படையாகச் சொல்லாதவரை புதியதும் பழையதும் கலக்காது. இவற்றோடு ஒரு டைமரும் வேண்டும். பாகம் உட்கார்ந்து குறித்த நொடிக்குள் ஸ்கேன் வராவிட்டால் எந்திரம் காத்திருப்பதை விளக்கால் காட்ட வேண்டும். வந்த எழுத்துகளின் எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும். 17 வர வேண்டிய இடத்தில் 16 வந்தால் ஒப்பிடவே தேவையில்லை.

'பீப்' ஒலியைப் பற்றியும் தெளிவு வேண்டும். ஸ்கேனர் ஒலிப்பது பார்கோடைப் படித்துவிட்டதற்காக. பிஎல்சி அதைப் பெற்றதா, ஒப்புக்கொண்டதா என்பது அந்த ஒலிக்குத் தெரியாது. ஒயர் அறுந்திருந்தாலும் ஸ்கேனர் அதே மகிழ்ச்சியோடு ஒலிக்கும். ஒலியைக் கேட்டதும் அடுத்த வேலைக்குக் கையை நீட்டுவது மனித இயல்பு. ஆகவே சரி, தவறு என்பதை பிஎல்சி இயக்கும் டவர் லைட்டோ பஸ்ஸரோ சொல்வதாக வைப்பதே நல்லது. சில ஸ்கேனர்களில் மறுமுனையிலிருந்து 'பெற்றேன்' என்ற குறி திரும்பி வந்தால் மட்டுமே ஒலிக்கும்படி அமைக்கலாம். அதற்கு பிஎல்சி அனுப்பும் முனையிலிருந்து ஸ்கேனர் பெறும் முனைக்குத் திரும்பும் கம்பியையும் கட்டியிருக்க வேண்டும். 'எழுத்துகளைப் பெற்றால் போதும்' என்று அதை விட்டுவிடுபவர்கள் பிறகு வருந்துகிறார்கள்.

இன்னொரு பழக்கம் எல்லா நாட்டுத் தொழிற்சாலைகளிலும் உண்டு. லேபிள் கிழிந்திருக்கிறது, எண்ணெய் படிந்திருக்கிறது, பத்து முறை விசையை அழுத்தியும் படிக்கவில்லை. இலக்கு எண்ணிக்கை தலைக்கு மேல் நிற்கிறது. நன்றாகப் படிக்கும் ஒரு லேபிளை மேசையில் ஒட்டிவைத்துக்கொண்டு ஒவ்வொரு பாகத்துக்கும் அதையே ஸ்கேன் செய்வார்கள். தொழிலாளியைக் குற்றம் சொல்வது எளிது, நியாயமில்லாதது. படிக்க முடியாத லேபிளையும், அதைச் சொல்லித் தீர்வு கேட்க வழியில்லாத லைனையும் கொடுத்தது வடிவமைப்பு. பாகத்தின் வகை எண்ணோடு ஒவ்வொன்றுக்கும் தனித் தொடர் எண்ணையும் பார்கோடில் சேர்த்து, ஒருமுறை வந்த எண் மறுபடி வந்தால் பிஎல்சி மறுக்கும்படி செய்தால் மேசை லேபிள் பயனற்றுப் போகும். கூடவே, படிக்காத லேபிளுக்கு சூப்பர்வைசர் சாவி போட்டு அனுமதிக்கும் வழியும், அப்படி எத்தனை முறை நடந்தது என்ற கணக்கும் இருக்க வேண்டும். கணக்கு ஏறினால் லேபிள் அச்சடிக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்று பொருள்.

எந்தக் குறியீட்டை அச்சிடுவது என்பதும் இதோடு சேர்ந்ததே. வாகனத் தொழிலில் நெடுங்காலம் ஓடிய கோடு 39 என்ற பட்டைக்குறியீடு 43 வகை எழுத்துகளை எழுதும். எளிது, ஆனால் இடத்தை அடைக்கும், படித்தது சரியா என்று பார்க்க உதவும் சோதனை எழுத்து அதில் கட்டாயமில்லை. 1981-இல் வந்த கோடு 128 நெருக்கமாக எழுதும், சோதனை எழுத்து அதில் கட்டாயம். பழைய இன்டர்லீவ்டு 2 ஆஃப் 5 வகையில் ஒரு பொல்லாத குணம் உண்டு. லேசர் கோடு சாய்வாக விழுந்து பட்டைகளின் ஒரு பகுதியை மட்டும் கடந்தால், அதையே முழு எண் என்று எடுத்துக்கொண்டு குறைந்த இலக்கங்களைக் கொடுத்துவிடும். அந்த வகையைத் தவிர்க்க முடியாவிட்டால் 'இத்தனை இலக்கம் மட்டும்' என்று ஸ்கேனரில் பூட்டிவிட வேண்டும். தேவையில்லாத வகைகள் அனைத்தையும் அணைத்து வைப்பது பொதுவாகவே நல்ல பழக்கம். பெட்டியில் உள்ள வேறொரு பார்கோடை ஸ்கேனர் தவறிப் படிப்பது அதனால் குறையும். ஒரே பெட்டியில் பல பார்கோடுகள் ஒட்டி, அவற்றை ஒவ்வொன்றாகப் படிக்கும் தொல்லையிலிருந்துதான் 1994-இல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் மசாஹிரோ ஹாராவின் குழு க்யூஆர் குறியீட்டை உருவாக்கியது. இன்று டீக்கடையில் பணம் செலுத்தப் பயன்படும் அந்தச் சதுரம் கார் உதிரிபாகப் பெட்டிக்காகப் பிறந்தது.

சீரியல் கம்பிக்கு மாற்றுகளும் இருக்கின்றன. ஈதர்நெட் இணைப்புள்ள பிஎல்சிக்கு, சீரியல் ஸ்கேனரை ஈதர்நெட்டுக்கு மாற்றித் தரும் சிறு பெட்டி கிடைக்கிறது. காக்னெக்ஸின் டேட்டாமேன் 8000 போன்ற கைஸ்கேனர் வரிசைகள் ஈதர்நெட்/ஐபி, புரோஃபிநெட் ஆகிய தொழிற்சாலை மொழிகளையே பேசுகின்றன. இவற்றில் 'முடிவு தயார்', 'எடுத்துக்கொண்டேன்' என்ற கைகுலுக்கல் உள்ளேயே அமைந்திருப்பதால் பழைய எண் தங்கும் ஆபத்து குறைவு. விலை கூடுதல், ஆனால் புதிய லைன் போடுபவர்களுக்கு அந்தச் செலவு நியாயமானது. ஒயர் காலில் சிக்கும் பெரிய வண்டி லைன்களில் புளூடூத் ஸ்கேனரும், சுவரில் மாட்டிய அதன் தொட்டிலும் வசதி. தொட்டிலுக்கும் பிஎல்சிக்கும் நடுவில் பழைய கம்பிக்கதைதான். கையில் இருக்கும் யுஎஸ்பி ஸ்கேனரை வைத்தே சமாளிக்க வேண்டுமென்றால், யுஎஸ்பி கீபோர்டை ஏற்கும் தொடுதிரையில் அதைச் செருகி, திரை வழியாக பிஎல்சிக்கு அனுப்பலாம். மலிவான வழி. திரையில் வேறு பக்கம் திறந்திருந்தாலோ உள்ளீட்டுக் கட்டத்தில் கர்சர் இல்லாவிட்டாலோ ஸ்கேன் காற்றில் போய்விடும் என்பதால், முக்கியமான பாகங்களுக்கு இதை நம்பக் கூடாது.

மருந்துத் துறையிலும் இதே இணைப்பு வளர்ந்து வருகிறது. அதிகம் விற்கும் 300 மருந்துப் பெயர்களின் அட்டையில் பார்கோடோ க்யூஆர் குறியீடோ அச்சிட வேண்டும் என்ற இந்திய அரசின் விதி 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்டு 2023 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதனால் பேக்கிங் லைன்களிலும் படிப்பதும் சரிபார்ப்பதும் கட்டுப்பாட்டுக் கருவியின் வேலையாகின்றன.

ஒன்றை மட்டும் ஸ்கேனரிடம் ஒப்படைக்கவே கூடாது: மனிதரின் பாதுகாப்பு. பிரஸ் எந்திரத்தின் கதவு, அவசர நிறுத்தம், ஒளித்திரை ஆகியவற்றுக்கு அதற்கென உருவான பாதுகாப்புச் சுற்றுகள் உண்டு. சரியான பார்கோடு படிக்கப்பட்டது என்பதை வைத்து அவற்றில் எதையும் தளர்த்தக் கூடாது.

புதிதாக இதைச் செய்பவர் பேனலிலிருந்து தொடங்காமல் மேசையிலிருந்து தொடங்குவது நேரத்தை மிச்சப்படுத்தும். முதலில் ஸ்கேனரை யுஎஸ்பி–சீரியல் கன்வெர்ட்டர் வழியாகக் கணினியில் இணைத்து, டெர்மினல் நிரலில் எழுத்துகள் ஒழுங்காக விழுகின்றனவா, முடிவுக்குறி வருகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு கணினியிலிருந்து அதே எழுத்துகளை பிஎல்சிக்கு அனுப்பி ரெஜிஸ்டரில் சரியான வரிசையில் உட்காருகின்றனவா என்று பார்க்க வேண்டும். இரண்டும் தனித்தனியே தேறிய பிறகே ஸ்கேனரையும் பிஎல்சியையும் நேராகச் சேர்ப்பது. சேர்த்த பின் வேண்டுமென்றே தவறு செய்து பார்க்க வேண்டும்: தவறான பாகம், ஸ்கேன் செய்யாத பாகம், ஒரே பாகத்தை இருமுறை, பாதி லேபிள், ஒயரைப் பிடுங்கிவிட்டு ஸ்கேன். இவை எல்லாவற்றிலும் எந்திரம் நிற்க வேண்டும். சரியான பாகத்துக்கு ஓடுவதைக் காட்டிக் கையெழுத்து வாங்கினால் அது பாதிச் சோதனைதான்.

கைஸ்கேனர் கீழே விழும், மிதிபடும், ஒயர் முறியும். நைட் ஷிஃப்டில் பழுதானதைக் கழற்றிவிட்டு ஸ்டோரிலிருந்து புதியதை மாட்டுவார்கள். புதியது தயாரிப்பாளரிடமிருந்து வந்த அமைப்பில், முடிவுக்குறி இல்லாமலோ வேறு வேகத்திலோ இருக்கலாம். லைன் நிற்கும், இணைத்தவருக்கு இரவு இரண்டு மணிக்கு போன் வரும். அமைப்புக்கான பார்கோடுகளை வரிசைப்படி ஒரே தாளில் அச்சிட்டு, பிளாஸ்டிக் உறை போட்டு, பேனல் கதவின் உட்புறம் ஒட்டிவைத்தால் யார் வேண்டுமானாலும் ஒரு நிமிடத்தில் புதிய ஸ்கேனரைப் பழையதன் இடத்தில் நிறுத்திவிடலாம். நிரலில் ஏதாவது மாறினால் அந்தத் தாளும் அன்றே மாற வேண்டும்.